கண்ணால் பாராமல் கலையகம் நடத்துவது: தானியக்க வானொலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சிறு வானொலி அல்லது இணைய வானொலி நடத்துவோருக்கும், அங்கே வேலை செய்ய விரும்பும் விழிப்புலனற்றோருக்கும் இந்தப் பக்கம். கணினி தானாகப் பாட்டும் விளம்பரமும் நேரமும் ஒலிபரப்பும் ஏற்பாட்டையே இங்கே தானியக்கம் என்கிறோம். திரையில் உள்ளதைப் பேச்சாக வாசித்துக் காட்டும் மென்பொருள் திரைவாசிப்பான்.

தானியக்கத்துக்கு முன்பு கலையக வேலை எப்படி இருந்தது?

முழுக்க முழுக்கக் கையும் காதும்தான். இசைத்தட்டில் பாட்டின் முதல் ஒலி ஊசிக்குக் கீழே வரும்வரை கையால் சுழற்றி, அங்கிருந்து கொஞ்சம் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நாடாவில் ஒரு வழக்கமான வேகம் செக்கனுக்கு 15 அங்குலம். அந்த வேகத்தில் 'வணக்கம்' என்று நிதானமாகச் சொன்னால் அது ஏறத்தாழ ஒரு சாண் நாடா. பிழையான ஒரு சொல்லை எடுக்க வேண்டுமென்றால் இரண்டு உருளைகளையும் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, சொல் தொடங்கும் இடத்தைக் காதால் பிடித்து, மெழுகுப் பென்சிலால் அடையாளமிட்டு, 45 பாகைச் சாய்வில் சவர அலகால் வெட்டி ஒட்டுவார்கள். வெட்டும் இடத்தைக் காதால் பிடிக்கும் வேலை என்பதால் விழிப்புலனற்றவருக்கும் அது கைக்கு வரும். நாடாப் பெட்டியில் பிரெயில் எழுத்து ஒட்டினால் எது எந்தப் பாட்டு என்று விரலே சொல்லிவிடும்.

கணினி வந்ததும் அந்த ஒரு சாண் நாடா திரையில் ஓர் அலைக்கோட்டுப் படமாகிவிட்டது. பட்டியல் திரையில், மிச்ச நேரம் திரையில், ஒலி அளவு திரையில் பச்சை சிவப்பாக. வேலை குறைந்தது உண்மை. அதே நேரம் கையிலும் காதிலும் இருந்த வேலை கண்ணுக்குப் போய்விட்டது.

அப்படியானால் தானியக்கம் விழிப்புலனற்றோருக்குக் கதவை மூடிவிட்டதா?

இல்லை. பாட்டைத் தேடுவது, வரிசையில் போடுவது, எழுத்தை வாசிப்பது, செய்தியைத் திருத்துவது எல்லாம் முன்பு இன்னொருவரின் கண்ணை நம்பி நடந்தவை. இப்போது விசைப்பலகையும் திரைவாசிப்பானும் இருந்தால் தனியாகவே செய்யலாம். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை அவுஸ்திரேலியாவின் விழிப்புலனற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் எழுதத் தொடங்கினார். விலை கொடுத்து வாங்க முடியாதவரும் இன்று பயன்படுத்துவது அதைத்தான்.

கதவு மூடுவது மென்பொருளைத் தெரிவு செய்யும் நாளில்தான். மௌஸால் இழுத்துப் போடத்தான் முடியும், நிறத்தைப் பார்த்துத்தான் அறிய முடியும் என்ற மென்பொருளை வாங்கிவிட்டால் பிறகு எந்தப் பயிற்சியும் உதவாது.

எந்த மென்பொருளை எடுக்கலாம்?

பெயரைவிடச் சோதனை முக்கியம். மௌஸைக் கழற்றி வைத்து, என்விடிஏயை இயக்கி, சோதனைப் பதிப்பில் இவற்றைச் செய்து பாருங்கள்: ஒரு பாட்டைத் தேடிப் பட்டியலில் போடுதல், அதை இரண்டு இடம் மேலே நகர்த்துதல், அழித்தல், இப்போது ஓடும் பாட்டின் பெயரையும் மிச்ச நேரத்தையும் கேட்டறிதல், தானியக்கத்தை நிறுத்திக் கைமுறைக்கு மாற்றுதல், மைக்கைத் திறந்து மூடுதல். ஆறும் விசைப்பலகையால் முடிந்தால் அது உங்களுக்கு ஆகும். ஒன்று முடியாவிட்டாலும், மிச்ச நேரம் கேட்க முடியாவிட்டால் முக்கியமாக, ஆகாது.

ஸ்டேஷன்பிளேலிஸ்ட் என்ற கட்டணத் தானியக்க மென்பொருளுக்கு என்விடிஏயில் தனி இணைப்பு நிரல் உண்டு. ஜாஸ் என்ற திரைவாசிப்பானுக்கும் அதற்கான துணை நிரல் உண்டு. உலகின் பல இடங்களில் விழிப்புலனற்ற அறிவிப்பாளர்கள் அதைப் பயன்படுத்துவது இதனால்தான். ஒலித்தொகுப்புக்கு ஓடாசிட்டி போதும். பல தடங்களில் வேலை செய்பவர்கள் ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளை எடுத்து, அதில் ஒசாரா என்ற இலவச இணைப்பைச் சேர்க்கலாம். ஒலி அளவு உச்சத்தைத் தாண்டினால் அது பேச்சில் சொல்லும்.

திரைவாசிப்பானின் குரல் ஒலிபரப்பில் போய்விடாதா?

சரியாகப் பிரிக்காவிட்டால் போகும். எல்லாரும் பயப்படும் பிழை இதுதான். ஒரு முறை ஒழுங்காகச் செய்துவிட்டால் திரும்ப வராது. தேவைப்படுவது இரண்டு ஒலி வழிகள். கணினியோடு வந்த ஒலித்துளையைத் திரைவாசிப்பானுக்கு வையுங்கள். ஒலிபரப்புக்கென்று தனியாக ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்ட் வாங்கி, ஒலிகளைக் கலக்கும் மேசையான மிக்ஸரில் இணையுங்கள்.

1. விண்டோஸின் இயல்பான ஒலிக் கருவியாகக் கணினியோடு வந்ததையே வையுங்கள். வாட்ஸ்அப் மணியோ வேறு எந்தத் திடீர்ச் சத்தமோ வந்தாலும் அது உங்கள் காதுக்கு மட்டும் வரும்.

2. தானியக்க மென்பொருளின் அமைப்பில் யூஎஸ்பி கார்டைப் பெயர் சொல்லித் தெரிவு செய்யுங்கள். 'இயல்பானது' என்று விடாதீர்கள்.

3. என்விடிஏயிலும் அப்படியே, கணினியோடு வந்த கருவியைப் பெயர் சொல்லித் தெரிவு செய்யுங்கள். புதிய பதிப்புகளில் ஒலி அமைப்புப் பக்கத்திலும், பழையவற்றில் பேச்சுப்பொறியை (எழுத்தைக் குரலாக்கும் பகுதியை) தெரிவு செய்யும் பெட்டியிலும் இது இருக்கும்.

4. என்விடிஏயின் ஒலி தாழ்த்தலை நிறுத்துங்கள். என்விடிஏ விசை (வழக்கமாக Insert), ஷிப்ட், D எழுத்து மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மாறும். இதை விட்டுவிட்டால் திரைவாசிப்பான் பேசும் ஒவ்வொரு தடவையும் கணினி மற்ற ஒலிகளைத் தாழ்த்தும். ஒலிபரப்பில் பாட்டு ஏறி இறங்கும், காரணம் யாருக்கும் பிடிபடாது.

5. விண்டோஸின் ஒலிப் பெட்டியில் 'தொடர்பாடல்' என்ற பகுதியில் 'எதுவும் செய்ய வேண்டாம்' என்று வையுங்கள். இல்லாவிட்டால் அதே கணினியில் ஓர் அழைப்பு வந்ததும் விண்டோஸ் மற்ற ஒலிகளை 80 வீதம் குறைக்கும்.

இனிச் சோதனை. மிக்ஸரில் கணினிக்குரிய தடத்தின் நெம்பை (ஒலியளவை ஏற்றி இறக்கும் பிடியை) முழுதாக இறக்கி, ஒலிபரப்பில் போகாமல் ஹெட்போனில் மட்டும் கேட்க உதவும் முன்கேட்கும் பொத்தானை அழுத்தி, என்விடிஏ விசையோடு T எழுத்தைத் தட்டுங்கள். சாளரத்தின் தலைப்பு வாசிக்கப்படும். அந்தக் குரல் முன்கேட்பில் வந்தால் பிரிப்பு பிழை. ஒவ்வொரு நாளும் முதல் நிகழ்ச்சிக்கு முன் இதைச் செய்யப் பத்துச் செக்கன் போதும்.

ஒழுங்காக இருந்தது ஒரு நாள் குழம்பினால் முதலில் யூஎஸ்பி வயரைப் பாருங்கள். துப்புரவு செய்யும்போது கழன்று, வேறு துளையில் செருகப்பட்டால் விண்டோஸ் அதைப் புதிய கருவி என்று நினைத்து வேறு பெயர் வைக்கும். தானியக்கம் பழைய பெயரைத் தேடிக் கிடைக்காமல் இயல்பான கருவிக்குத் தாவும். பாட்டு உங்கள் ஹெட்போனில் கேட்கும், வானலையில் அமைதி. ஒரே துளையை ஒதுக்கி, வயரைக் கட்டி, துளைக்குப் பக்கத்தில் தடவினால் தெரியும்படி ஒரு புள்ளி ஒட்டிவிடுங்கள்.

ஒரே நேரத்தில் நிகழ்ச்சியையும் திரைவாசிப்பானையும் எப்படிக் கேட்பது?

இடது காதில் நிகழ்ச்சி, வலது காதில் திரைவாசிப்பான். நான்கு தடமுள்ள சின்ன மிக்ஸர் ஒன்றை ஹெட்போனுக்கென்றே வைத்து, ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் திருப்பினால் சரி. முதல் வாரம் தலை சுற்றும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும் வீட்டில் வளர்ந்தவருக்கு அது சீக்கிரம் பழகும்.

இதில் இரண்டு தொல்லைகள் வரும். இரண்டு கருவிகளின் நிலத்தொடர்பு (எர்த்) கம்பிகள் ஒரு வளையமாகச் சேர்ந்தால் 50 ஹேர்ட்ஸ் 'ம்ம்' இரைச்சல் கேட்கும். ஒலி வழியில் ஒரு பிரிப்பு மின்மாற்றி போட்டால் நிற்கும். மற்றது, ஹெட்போன் கசிவு. மைக் திறந்திருக்கும்போது திரைவாசிப்பானின் குரல் மெல்லிய கீச்சாக ஒலிபரப்பில் சேரும். காதை முழுக்க மூடும் ஹெட்போனே வேண்டும்.

பாட்டு முடியப் போவது எப்படித் தெரியும்?

ஸ்டேஷன்பிளேலிஸ்டுக்கான என்விடிஏ இணைப்பில், பாட்டு முடிய இத்தனை செக்கன் இருக்கும்போது எச்சரி என்று வைக்கலாம். பாடகர் குரல் தொடங்குமுன் வரும் முன்னிசைக்கும் அப்படியே வைக்கலாம். பத்துச் செக்கன் எங்கள் கணக்கில் நல்ல தொடக்கம். கை பழகியபின் ஐந்துக்கு இறக்கலாம். ஆனால் முன்னிசையின் நீளத்தை ஒவ்வொரு பாட்டுக்கும் யாராவது ஒருமுறை குறித்திருக்க வேண்டும். தமிழ்ப் பாட்டுகளில் முன்னிசை நீளமானது, நடுவில் ஆலாபனை வரும், கோரஸ் முதலில் வரும். தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை நம்பினால் அறிவிப்பாளர் பாடகியின் மேல் பேசுவார். நாளுக்கு இருபது பாட்டு என்று குறித்தால் ஒரு மாதத்தில் 600 பாட்டு ஆயத்தம்.

தமிழைத் திரைவாசிப்பான் ஒழுங்காக வாசிக்குமா?

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தட்டிய தமிழ் என்றால் வாசிக்கும். என்விடிஏயோடு வரும் ஈஸ்பீக் பேச்சுப்பொறியில் தமிழ் உண்டு. குரல் இயந்திரத்தனமாக இருந்தாலும் வேகமாக ஓட்டலாம், உடனே பதில் சொல்லும். விண்டோஸில் 'வள்ளுவர்' என்ற தமிழ்க் குரலைச் சேர்த்துக்கொள்ளலாம், அது காதுக்கு இதமானது. ஒலிபரப்பு மேசையில் ஈஸ்பீக், பிரதி வாசிக்க வள்ளுவர் என்று பிரித்து வைப்பது நல்லது.

எங்கள் பக்கத்தில் பெரிய இடைஞ்சல் பாமினி எழுத்துரு. பாமினியில் தட்டிய 'அம்மா' கண்ணுக்கு அம்மாதான். கணினிக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். எழுத்தெழுத்தாக நகர்ந்தால் திரைவாசிப்பான் 'எம், கே, செமிகோலன், கே, எச்' என்று வாசிக்கும். அச்சகங்களிலிருந்தும் பழைய அலுவலகங்களிலிருந்தும் வரும் அறிக்கைகளும் விளம்பரப் பிரதிகளும் இன்னும் இந்த நிலையில் இருக்கின்றன. இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு, ஒட்டினால் யூனிகோடாகிவிடும். மாற்றியபின் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எழுத்துகளை ஒருமுறை சரிபாருங்கள். புதிதாகத் தட்டுபவர்கள் பாமினி விசையமைப்புக்குப் பழகியிருந்தால் அதே அமைப்பில் யூனிகோடாகத் தட்டும் வசதி இருக்கிறது. பழக்கத்தை மாற்றத் தேவையில்லை.

மரண அறிவித்தல்கள் வாட்ஸ்அப்பில் படமாக வருகின்றன. என்ன செய்வது?

படத்திலுள்ள எழுத்தைத் திரைவாசிப்பான் தானாக வாசிக்காது. கைத்தொலைபேசியில் கூகுள் லென்ஸ் தமிழை ஓரளவு எடுத்துத் தரும், ஆனால் மரண அறிவித்தலில் ஓரளவு போதாது. 'காலஞ்சென்ற' என்ற ஒரு சொல் விடுபட்டாலோ இடம் மாறினாலோ இருப்பவர் இறந்தவராவார், இறந்தவர் இருப்பவராவார். அனுப்புபவரிடம் தட்டிய எழுத்தாகவோ, பெயர்களை நிதானமாகச் சொல்லும் குரல் பதிவாகவோ சேர்த்துக் கேளுங்கள். குரல் பதிவே மேல்: ஊர்ப்பெயரும் வீட்டுப்பெயரும் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் வந்துவிடும்.

விழிப்புலனற்றவர் செய்தியை நேரடியாக வாசிக்க முடியுமா?

முடியும், இரண்டு வழியில். திரையிலுள்ள எழுத்தை மேடான புள்ளிகளாகக் காட்டும் பிரெயில் திரை இருந்தால் விரலால் வாசித்துச் சொல்லலாம்; கருவி விலை கூடியது. மற்றது கேட்டுச் சொல்லுதல். பிரதியை ஒரு வரிக்கு எட்டுப் பத்துச் சொற்களாக உடைத்து, ஒவ்வொரு வரியையும் தனி வரியாக விட்டு, கீழ்நோக்கு விசையை அழுத்த அழுத்தக் காதில் வருவதை அரை வரி பின்னால் வாயால் சொல்ல வேண்டும். வரி வினைமுற்றில் அல்லது இயல்பாக மூச்சு விடும் இடத்தில் முடிய வேண்டும். 'மட்டக்களப்பு மாவட்டச்' என்று ஒரு வரியும் 'செயலகத்தில்' என்று அடுத்த வரியும் இருந்தால் வாசிப்பு இடறும். எண்களை எழுத்தில் தட்டிவிடுங்கள்: '2,450' என்பதை எப்படி வாசிக்கும் என்று அந்த நேரத்தில் யோசிக்க முடியாது.

தானாக நேரம் சொல்லும் வசதிக்கு எத்தனை ஒலித்துண்டு பதிய வேண்டும்?

107. 'காலை எட்டு மணி' என்று முடியும் முழு மணிக்கு 24, 'காலை எட்டு மணி…' என்று தொங்கி நின்று நிமிடத்துக்குப் போகும் மணிக்கு 24, நிமிடங்கள் ஒன்று முதல் 59 வரை. முழு மணிக்கும் தொங்கும் மணிக்கும் ஒரே பதிவைப் போட்டால் குரல் விழுந்து எழுந்து கேட்கச் சகிக்காது. 24 மணிக்கும் தனித்தனியாகப் பதிந்தால் காலை, பகல், மாலை, இரவு என்ற சொற்களும் சரியாக விழும். எல்லாவற்றையும் ஒரே இருப்பில், ஒரே மைக் தூரத்தில் பதிந்து, முன்னும் பின்னும் உள்ள வெறுமையை வெட்டிவிடுங்கள். நேரத்தை இணையத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் வசதி கணினியில் இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

பாங்கு நேரமும் செய்தி நேரமும் பிசகாமல் இருக்க?

தானியக்கத்தில் நேர நிகழ்வுகள் இரண்டு வகை. ஒன்று, நேரம் வந்ததும் ஓடுவதை வெட்டிவிட்டுத் தொடங்கும். மற்றது, ஓடும் பாட்டு முடியக் காத்திருக்கும். விளம்பரத் தொகுதி காத்திருக்கலாம். பாங்கு காத்திருக்கக் கூடாது. நோன்பு காலத்தில் மஃரிப் பாங்கைக் கேட்டுத்தான் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வீடுகளில் நோன்பு திறப்பார்கள். நான்கு நிமிடப் பாட்டுக்குப் பின்னால் அது நிற்க முடியாது. நேரம் நாளுக்கு நாள் நகர்வதால், மாத நேர அட்டவணையை முன்கூட்டியே 30 நிகழ்வுகளாகப் பதிந்து, இரண்டாவது ஆள் ஒருவர் கேட்டுச் சரிபார்க்கட்டும். வெட்டு அசிங்கமாக விழாமலிருக்க, அதற்கு முன் இரண்டு நிமிட வாத்திய இசை ஒன்றைப் போட்டு வையுங்கள்.

மிக்ஸர் எப்படிப்பட்டது நல்லது?

கையில் தட்டுப்படும் நெம்புகளும் பொத்தான்களும் உள்ளது. தொடுதிரை மிக்ஸர் வேண்டாம். வழக்கமான அளவில் நெம்பு நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் மேடான சிறு புள்ளி ஒட்டுங்கள். பாட்டுகள் எல்லாவற்றையும் ஒரே ஒலியளவுக்கு முன்கூட்டியே சமப்படுத்திவிட்டால் நெம்பு அந்தப் புள்ளியை விட்டு நகரவே தேவையில்லை. நாடாவிலிருந்து எடுத்த பழைய பாட்டு மெல்லியதாகவும் புதிய பாட்டு உரத்ததாகவும் இருப்பதுதான் ஒலிமானியைப் பார்க்க வேண்டிய கட்டாயத்தைத் தருகிறது.

எவ்வளவு இடம் வேண்டும்?

நான்கு நிமிடப் பாட்டு 320 கிலோபிட் எம்பி3 ஆக இருந்தால் 9.6 மெகாபைட், பத்தாயிரம் பாட்டுக்கு 96 கிகாபைட். சுருக்காத வேவ் கோப்பென்றால் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல். நகல் ஒன்று கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும்.

செவிப்புலனற்றோருக்கு வானொலி என்ன செய்யலாம்?

கணினியில் பிரதி ஏற்கெனவே இருக்கிறது, அதை வெளியிடுங்கள். செய்தி, எச்சரிக்கை, வேலைவாய்ப்பு அறிவித்தல் ஆகியவை ஒலிபரப்பாகும் அதே நேரம் இணையப் பக்கத்தில் எழுத்தாக வரட்டும். நேர்காணல்களைப் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளால் மாற்றலாம். ஊர்ப்பெயர்களில் அது தடுமாறும். வந்தாறுமூலை, களுவாஞ்சிக்குடி, அட்டாளைச்சேனை போன்றவற்றை ஒருவர் பார்த்துத் திருத்தியே ஆக வேண்டும். காது மந்தமானவர்களுக்குப் பின்னணி இசைதான் எதிரி. பேச்சைவிட 15 டெசிபெலாவது தாழ்ந்திருக்கட்டும், எச்சரிக்கை வாசிக்கும்போது வேண்டவே வேண்டாம்.

தானியக்கம் ஆட்களின் வேலையைப் பறிக்கிறதா?

இரவுப் பணி குறைந்திருக்கிறது, மறைப்பதற்கில்லை. மூன்று மணி நிகழ்ச்சிக்கு வேண்டிய இருபது நிமிடப் பேச்சை முன்கூட்டியே பதிந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்தப் பதிவை வீட்டிலிருந்தே செய்ய முடிவதால், இரவில் பஸ் இல்லாத ஊரிலிருக்கும் விழிப்புலனற்றவருக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் அறிவிப்பாளராக இடம் கிடைத்திருக்கிறது. மிச்சப்படும் சம்பளத்தில் ஒரு பங்கையாவது அப்படிப்பட்ட ஒருவருக்குக் கொடுக்காத நிலையம் தானியக்கத்தின் பாதிப் பயனைத்தான் எடுத்திருக்கிறது.

கரண்ட் போனால்?

கணினி, மிக்ஸர், திசைவி எல்லாம் சேர்ந்து 200 வாற்று என்று வையுங்கள். 12 வோல்ட் 100 அம்பியர்-மணி மின்கலத்தில் பாதியை மட்டும் எடுத்தால், இன்வேர்ட்டர் இழப்புப் போக ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ஒலிபரப்பியின் கணக்கு வேறு, அதற்கு ஜெனரேட்டர் வேண்டும். கணினி சட்டென்று அணைந்தால் பாட்டுத் தரவுத்தளம் பழுதாகலாம். மின்கலம் இறங்கும்போது தானாக ஒழுங்காக மூடும் யூபிஎஸ் இணைப்பைப் போட்டு, இரவுதோறும் தரவுத்தளத்தை நகலெடுங்கள். கல்லடி, கல்முனை போன்ற கரையோரத்தில் உப்புக்காற்று செருகிகளைப் பச்சை பிடிக்க வைக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடையுங்கள்.

ஒலி நின்றால் அறிவிக்கும் அமைதிக்காவலைக் கட்டாயம் வையுங்கள். ஒலி −40 டெசிபெலுக்குக் கீழே 20 செக்கன் நின்றால் மாற்றுப் பட்டியல் ஓடட்டும், பொறுப்பாளருக்கு அழைப்பும் போகட்டும். பலர் மின்னஞ்சல் மட்டும் வைக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு மின்னஞ்சலை யார் பார்ப்பது?

புயல், வெள்ள நேரத்தில் தானியக்கத்தை ஓட விடலாமா?

ஆள் இல்லாமல் விடக் கூடாது. 1978 நவம்பர் 23 சூறாவளியையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் கண்ட கரை இது. வெளியே தண்ணீர் ஏறும்போது நேற்றுப் பதிந்த குரல் 'இனிய மழைக்கால மாலை' என்று சொல்லக் கூடாது. தானியக்கத்தை நிறுத்தி மைக்கைத் திறக்கும் விசைகள் எவை என்பது நிலையத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெரிய எழுத்திலும் பிரெயிலிலும் மேசையில் ஒட்டியிருக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமும் அதிலேயே இருக்கட்டும். விளக்கு அணைந்து திரை இருண்ட கலையகத்தில் தடுமாறாமல் வேலை செய்யக்கூடியவர் உங்கள் விழிப்புலனற்ற அறிவிப்பாளர்தான். ஆகவே மழைக்காலம் தொடங்குமுன், ஒக்டோபரில், திரையை அணைத்துவிட்டு அவரை மேசையில் இருத்தி, மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லுங்கள்.